ஐந்து சென்டிமீட்டர்

“கரைச்சிடாதீங்கப்பா. ஆறு மாசத்துல நான் விமானத்துல ஏறணும். உயிரோட இருக்கிறவளுக்குக் கருமாதி பண்ணுவாங்களா?” மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி தமயந்தி போனில் கெஞ்சினாள்.

போர் விமானத்து இருக்கைக்கு அவள் ஐந்து சென்டிமீட்டர் உயரம் அதிகம். விமானி ஆக விரும்பும் உயரமான பிள்ளைகள் எல்லோரும் இப்போது செய்துகொள்வதுதானே என்று அவளும் இரண்டு தொடை எலும்பிலும் அந்த அளவை வெட்டி எடுக்கவைத்தாள். வெட்டிய துண்டுகளை டப்பாவில் போட்டு வீட்டாரிடமே கொடுத்துவிட்டார்கள். எலும்பை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று அப்பா அதைக் கடலில் கரைக்க ராமேஸ்வரத்துக்கு எடுத்துப்போய்விட்டார்.

“அழாதடி ஒட்டகச்சிவிங்கி” என்றாள் பக்கத்தில் இருந்த அக்கா. “இனிமே உன்னை அப்படிக் கூப்பிட முடியாதேன்னு நான்ல அழணும்.”

தமயந்திக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தக் கட்டிலில் படுத்தாலும் கால்மாட்டுக் கம்பியில் இடிக்கும் அவள் பாதங்கள் இப்போது அதைத் தொடவே இல்லை.

போனில் அலைச்சத்தம் கேட்டது. அப்பா தயங்கித் தயங்கிப் பேசினார்.

“ஐயர் உக்காந்துட்டாரும்மா. உன் பேரு, நட்சத்திரம் எல்லாம் சொல்லிட்டேன். எப்ப தவறுனாங்கன்னு கேக்குறாரு. நான் என்னம்மா சொல்லட்டும்?”