பூட்டு மாமாவின் பிஸ்கட் டப்பா

வீட்டைப் பூட்டிவிட்டு அவர் இழுத்துப் பார்த்த இழுப்பில் கதவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அதனால் தெருவுக்கே அவர் பூட்டு மாமா. அவர் வாங்கியதோ சாவியே போடத் தேவையில்லாத கார். சாவி சட்டைப்பையில் இருந்தால் போதும், கைப்பிடியைத் தொட்டதும் கதவு திறக்கும்.

"வீட்டுக்குள்ள இருக்கிற சாவியோட சிக்னலைத் திருடனுங்க வாசல்ல நின்னே பிடிச்சு, காரைக் கிளப்பிடறானுங்களாம். தகர டப்பாவுல போட்டு மூடிட்டா சிக்னல் வெளிய வராது," என்றார் மாமா.

"அதுக்கு என் பிஸ்கட் டப்பாதான் கிடைச்சுதா?" காரில் கடைக்குப் போய்த் திரும்பிய மனைவி சாவியை நீட்டினாள்.

சாவியை டப்பாவில் அடைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாசலில் நின்ற வெள்ளைக் காரின் கைப்பிடியைத் தொட்டார். கதவு அசையவில்லை. உலகத்தையே ஜெயித்தவர்போல், கூரை அதிரக் குறட்டை விட்டுத் தூங்கினார்.

காலையில் டப்பாவைத் திறந்து, சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு தொட்டார். அப்போதும் கதவு அசையவில்லை.

"சார், என் காரை என்ன பண்றீங்க?" எதிர்வீட்டுப் பல் டாக்டர் வந்தார். "உங்களுது மாதிரியே நேத்து வாங்கினேன். எங்க வாசல்ல மணல் கொட்டியிருக்குன்னு இங்க விட்டேன்."

மாமா மனைவியிடம் திரும்பினார். "அப்போ நம்ம கார்?"

"இங்க இடமில்லைன்னு தெருமுனையில விட்டேங்க," என்றாள் மனைவி.

ஓடினார்கள். தெருமுனையில் காய்ந்த இலைகள் மட்டும் கிடந்தன. நேற்று கதவைத் திறக்கவிடாமல் தடுத்தது டப்பா இல்லை என்பது அப்போதுதான் மாமாவின் தலையில் இடியாக இறங்கியது.

அவர் அக்குளில் இருந்த காலி டப்பாவை மனைவி உருவிக்கொண்டாள்.

"இதாவது நம்மளுதுதானா, பார்த்துச் சொல்லுங்க."