ஒன்பது இலைக் காசு

எவரெட்டின் கார் தெருமுனையில் திரும்பி மறையும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு என் கணவரிடம் கத்தினேன்.

“என்னங்க, உங்க சிநேகிதன் தங்கக் காசை மாத்தி வெச்சிட்டுப் போறாரு! நீங்க காபி எடுக்க உள்ள வந்தப்போ கதவிடுக்குல பார்த்தேன்!”

ஹார்லன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். 1795-இல் அச்சான பத்து டாலர் காசு. அதில் பொறித்த கழுகின் காலடிக் கிளையில் ஒன்பது இலை இருந்தால்தான் அபூர்வம். பூதக்கண்ணாடியில் எண்ணினார். ஒன்பதுதான். ஆனாலும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“போலி.”

“பார்த்தீங்களா! என் ஆப்பிள் கேக்கை ரெண்டு துண்டு தின்னுட்டு, என்ன நெஞ்சழுத்தம்! இருங்க, போலீஸைக் கூப்பிடறேன்.”

போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“வேண்டாம் லொரெய்ன்.”

“ஏலத்துல எடுத்ததுன்னு சொன்னீங்களே, ஒரு வீட்டு விலை! அந்தத் திருட்டுப் பயலைச் சும்மா விடறதா?”

ஹார்லன் போலிக் காசை உள்ளங்கையில் புரட்டினார். முகம் வெளுத்திருந்தது.

“கழுகோட றெக்கையில இந்தக் கீறல் தெரியுதா? போன வருஷம் அவன் வீட்டுக்குக் காபி குடிக்கப் போனப்போ, நான் வெச்சிட்டு வந்த போலி இது.”