விசிறிக் காற்றில் லிட்மஸ்

“கீயில இருக்கறதுக்கு மட்டும் மார்க் போடுங்க மிஸ்” என்று சொல்லிவிட்டு முதல்வர் நகர்கிறார். வேதி வாய்பாட்டில் ஹைட்ராக்சைடு இருந்தால்தான் காரம் என்கிறது அந்த விடைக்குறிப்பு. ஹைட்ராக்சைடு இல்லாத அம்மோனியாவும் புரோட்டானை வாங்கிக்கொள்வதால் காரந்தான் என்று எழுதியிருக்கிறாள் மாணவி தமிழினி. சரியென்று தெரிந்தே வேதியியல் ஆசிரியை பிரீத்தி அதற்குப் பூஜ்ஜியம் போடுகிறாள். எதிரில் நிற்கும் தமிழினி டிபன் டப்பாவைத் திறந்து, வீட்டுக் கோழிக்கொட்டாயில் ஈரத்தோடு தொங்கவிட்டிருந்த சிவப்பு லிட்மஸ் தாளை எடுத்து மேசைமேல் வைக்கிறாள். கோழி எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா பட்டு, காரத்துக்குரிய நீலமாகியிருக்கிறது. மின்விசிறிக் காற்றில் ஈரம் காய்கிறது. அம்மோனியா பறக்கப் பறக்க ஓரத்திலிருந்து சிவப்பு திரும்புகிறது. பிரீத்தி ஓடிப்போய் விசிறியை நிறுத்துகிறாள். இறக்கைகள் சுற்றி ஓய்வதற்குள் தாள் முழுதும் சிவந்துவிடுகிறது. “நீலமா இருந்துச்சு, நீங்க பாத்தீங்கதானுங்க மிஸ்?”