மெஷின் சத்தம்

"அவன் உள்ளே உயிருக்கு இழுத்துக்கிட்டுக் கிடக்கான். நீ இங்கே மெஷினைக் கழுவிக்கிட்டு உக்காந்திருக்கியா?"

வந்த அக்கா பையை வாசலிலேயே போட்டுவிட்டு, நேராகப் பட்டறைக்குள் வந்து நின்றாள்.

தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள். மேஜைமேல் போர்வையை மடித்துப் போட்டு, அதில் ஒரு நீளக் கண்ணாடிக் குழாயைக் கிடத்தியிருந்தாள். லேசர் மெஷினின் குழாய். பலகையை வெட்டி எழுத்தும் பொம்மையும் செய்கிற வெளிச்சம் அதற்குள்ளிருந்துதான் வரவேண்டும். குழாய் சூடாகாமல் இருக்க அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீரில் பாசி பிடித்து, கண்ணாடி முழுக்கப் பச்சையாக அப்பிக் கிடந்தது.

"வாங்க அண்ணி. இப்பதான் மருந்து கொடுத்தேன். கண் அசந்திருக்கார்."

"அவன் கண் அசந்தா உனக்கு வேலை ஓடணும், அப்படித்தானே? பக்கத்து வீட்டுக்காரி போன் பண்ணிச் சொல்றா. விடிஞ்சதுலேருந்து பொழுது சாயுற வரைக்கும் மெஷின் சத்தமாம். டாக்டர் கையை விரிச்சு வீட்டுக்கு அனுப்பின மனுஷன். கடைசியிலயாவது அவனை நிம்மதியாப் படுக்க விடக்கூடாதா?"

குழாயின் முனையில் ரப்பர் டியூபைச் செருகி, வினிகர் கலந்த தண்ணீரை மெல்ல ஊற்றினாள் அவள். மறுமுனையில் பாசி திட்டுத்திட்டாகக் கழன்று வாளியில் விழுந்தது.

"கல்நெஞ்சுக்காரி," என்று முணுமுணுத்தாள் அக்கா. காதில் விழட்டும் என்றேதான் முணுமுணுத்தாள்.

விழுந்திருக்க வேண்டும். ஊற்றிய கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஊற்றியது.

பச்சை போய், வெறும் தண்ணீராக வரும்வரை விடவில்லை. கடைசியாக பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரை விட்டு அலசினாள். கண்ணாடி புத்தம் புதிதாக மின்னியது. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் மெஷினுக்குள் பொருத்தினாள். பம்பைப் போட்டாள். தண்ணீருக்குள் காற்றுக் குமிழ் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

'கட்டினவன் முகத்தை இப்படி ஒரு தடவை பார்த்திருப்பாளா?' அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு துண்டுப் பலகையை வைத்து மூடியைச் சாத்தினாள் அவள். பொத்தானை அழுத்தினாள். குழாய்க்குள் ஊதா வெளிச்சம் பாயவேண்டும். பாயவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடியும்.

பலகையில் ஊசி குத்தின அளவுக்குக்கூடத் தடம் இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"செத்துப் போச்சு, அண்ணி."

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னடி சொல்றே!"

"மெஷினைச் சொல்றேன். அவர் ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் அவர் காலடியிலேயே கிடந்தேன். இங்கே தண்ணி மாத்த ஆளில்லை. பாசி அடைச்சிருந்தது தெரியாம, வந்ததும் ஓட்டிட்டேன். சூட்டுல போயிடுச்சு. கழுவிப் பார்த்தா உயிர் வருமோன்னு ஒரு நப்பாசை."

"அப்போ… நாள் பூரா கேக்குற சத்தம்?"

அவள் வாய் திறப்பதற்குள் உள்ளிருந்து ஈனமாகக் குரல் வந்தது.

"என்னம்மா… மெஷின் நின்னுடுச்சா?"

முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு சுவிட்சைத் தட்டினாள். மோட்டார் மட்டும் உறுமியது. மெஷினின் தலை அந்த வெற்றுப் பலகைமேல் இடமும் வலமுமாக ஓடத் தொடங்கியது.

"ஓடுதுங்க! பெரிய வேலை வந்திருக்கு. மூச்சு விட நேரமில்லை!"

குரல் கணீரென்று இருந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"'நான் போனாலும் இந்த மெஷின் உனக்குச் சோறு போடும்'னு சொல்லிச் சொல்லித்தான் மனசைத் தேத்திக்கிறார், அண்ணி. அதையும் பிடுங்கிக்கிட்டு அவரை எப்படி அனுப்புறது?"

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தன் வாயிலிருந்து வந்த வார்த்தையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. தம்பி மனைவியின் தலையை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டு, தம்பி படுத்திருந்த அறைக்குப் போனாள்.

படுக்கையோடு படுக்கையாக ஒட்டிக் கிடந்தான். அக்காவைப் பார்த்ததும் கண் மட்டும் சிரித்தது.

அவளும் சிரிக்கப் பார்த்தாள். "கேட்டியாடா? உன் மெஷின் என்ன போடு போடுதுன்னு! இனி உன் பொண்டாட்டிக்கு ஒரு குறையும் வராது. நீ எதையும் நெனச்சுக் கலங்காதே."

அவன் வாசல் பக்கம் பார்த்தான். சத்தம் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. அக்காவின் கையைப் பிடித்து அருகே இழுத்தான்.

"அக்கா… பலகை வெட்டினா கருகல் வாசனை வீட்டையே தூக்கும். நான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்து அந்த வாசனை வரவே இல்லை."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கப்புறம் அவளை உன்கூடக் கூட்டிட்டுப் போயிடு." மூச்சு வாங்கியது. "எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிடாதே. என்னை நிம்மதியா அனுப்பி வெச்சோம்னு அவளாவது நம்பிக்கிட்டு இருக்கட்டும்."