குளம்பின் அளவு

"கயித்தைக் கையில சுத்திக்காதீங்க சார். ஒரு இழுப்பு இழுத்துச்சுன்னா விரல் நாலும் அதோடயே போயிடும்."

ஓய்வுபெற்ற சர்வேயர் அவசரமாகக் கயிற்றைக் கையிலிருந்து பிரித்தார். லாடத்துக்குப் பதிலாகக் குதிரைக் குளம்பில் மாட்டும் ரப்பர் பூட்ஸைப் பொருத்த வந்தவள் வேனின் பின்கதவைத் திறந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள்.

வந்ததிலிருந்தே அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. கேட்டுக்கு வெளியே வேனை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் இறங்காமலே உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் போய்விடுவாளோ என்று இவர் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இறங்கி வந்தவள், "போன்ல வேற யாரோ பேசினாங்களே?" என்று கேட்டாள்.

"பக்கத்து வீட்டுக்காரரும்மா. நான்தான் பேசச் சொன்னேன்."

"குதிரை நொண்டுதுன்னு சொன்னாரு. அதுக்காகத்தான் நிக்கிறேன்."

கார் போய் வெகுகாலமான ஷெட்டில் இப்போது குதிரை நின்றது. அவள் அதைச் சரளைக்கல் பாதையில் நடத்திப் பார்த்தாள். லாடம் இல்லாத வெறுங்கால். ஒவ்வொரு கல்லுக்கும் தலை குனிந்து குனிந்து நிமிர்ந்தது.

"என்ன வயசு?"

"ஒன்பது, பத்து இருக்கும்."

அவள் குதிரையின் உதட்டை விலக்கிப் பார்த்தாள். "இருபதுக்கு மேல. தானமா வந்த மாடா இது, பல்லைப் பார்க்காம வாங்குறதுக்கு?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"குளம்பு கடைசியா எப்போ சீவினது?"

"சீவணுமா?"

அவள் குதிரையின் முன்னங்காலைத் தூக்கித் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அரத்தை எடுத்தாள். "வளர்ந்து கெடக்கிற குளம்புக்கு அளவெடுத்தா, அந்த அளவு ஒரு வாரத்துக்குக்கூடத் தாங்காது. முதல்ல சீவிட்டுத்தான் அளக்கணும்" என்றாள், குளம்பிடம் சொல்வதுபோல.

முப்பது வருடம் ஊர் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்தவர் அவர். அவள் அளக்கும் விதத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். குளம்பின் அகலமான இடத்தில் ஒரு அளவு, நுனியிலிருந்து குதிகால் வரை ஒரு அளவு. எழுதினாள். நம்பாமல் மறுபடி அளந்தாள்.

"வலது கால் மூணு மில்லிமீட்டர் பெரிசு. ரெண்டுக்கும் ஒரே சைஸ் போட முடியாது."

"ஒரே உடம்புல ரெண்டு அளவா?"

"எல்லாருக்கும் அப்படித்தான் சார். யாரும் அளந்து பார்க்கிறதில்ல."

அவர் உள்ளே போய் இரண்டு டம்ளர்களில் காபி கொண்டுவந்தார். அந்த வீட்டில் இரண்டாவது டம்ளர் அலமாரியை விட்டு இறங்கி வருடங்கள் ஆகிவிட்டன. தூசு போகத் தேய்த்துக் கழுவியிருந்தார்.

"சர்க்கரை போடலை" என்றார்.

அவள் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தாள். "வேலை நேரத்துல குடிக்கிறதில்ல."

காபி சுவர் விளிம்பில் ஆறியது.

வலது காலுக்கு எடுத்த முதல் பூட்ஸ் சுலபமாக நுழைந்தது. "பொருந்திடுச்சே!" என்றார் சர்வேயர். அவள் குதிரையை வட்டமாக நடத்தினாள். நாலாவது சுற்றில் பூட்ஸ் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது.

"சுலபமா நுழையறது சுலபமா கழண்டுரும்" என்று சொல்லி அடுத்த சிறிய அளவை எடுத்தாள். அதை ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி ஏற்ற வேண்டியிருந்தது. குதிகால் மேட்டில் உராய்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்து, பட்டையை இழுத்து ஒட்டினாள். இடது காலுக்கு அதற்கும் ஒரு அளவு சிறியது.

அவள் நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தபோது, அவர் தோளில் கிடந்த துண்டை நீட்டினார். அவள் பார்க்காததுபோல் குனிந்துகொண்டாள்.

இப்போது குதிரை சரளைக்கல்லில் தலை குனியாமல் நடந்தது. போய்த் திரும்பியது. தானாகவே ஓட்டம் பிடிக்கப் பார்த்தது.

"பூட்ஸைத் தினமும் கழட்டி உள்பக்கத்தைக் காய வைக்கணும். புண்ணு ஏதாவது இருக்கான்னு பார்க்கணும். பழகுற வரைக்கும் அரைமணி நேரத்துக்கு மேல சவாரி வேண்டாம்."

"நான் ஏறுறதில்லம்மா."

"வேற யாரு ஏறுவாங்க?"

"யாருமில்ல. இங்க நான் மட்டும்தான்."

அவள் அரத்தைப் பெட்டிக்குள் போட்ட சத்தம் பலமாகக் கேட்டது. "வாங்கி எவ்வளவு நாளாச்சு?"

"பத்து நாள்."

"ஏறத் தெரியாது, வயசு தெரியாது, குளம்பு சீவணும்னுகூடத் தெரியாது. இந்தக் கிழட்டுக் குதிரையைக் கட்டி வச்சு என்னதான் சார் பண்ணப் போறீங்க?"

சர்வேயர் குதிரையின் கழுத்தைத் தடவினார். அது இன்னும் அவருக்குப் பழகவில்லை. சற்று விலகி நின்றது.

"போன் பண்ணினா எடுக்கல. உன் வீடு தேடி வந்தேன், கதவைத் திறக்கல. 'குதிரைக் காலைப் பிடிக்கிற வேலைக்குத்தான் போவேன்னா இந்தப் படி ஏறாதே'ன்னு சொன்ன வாய்தானே இது, யாரைக் குறை சொல்றது? குதிரைக்குக் கால் வலின்னா மட்டும் நீ வராம இருக்கமாட்டேன்னு தெரியும். அதான் ஒண்ணு வாங்கினேன்."

அவள், சரியாகவே இருந்த பட்டையைக் குனிந்து மறுபடி இழுத்து ஒட்டினாள்.

"ஆறு வாரத்துல திரும்பச் சீவணும்" என்றாள், தலை நிமிராமல். "வேற யாரையும் கூப்பிட்டுடாதீங்க, அப்பா."