பெரிய வெள்ளியன்று பாடிய தட்டு

இசைத்தட்டைக் கோயில் முற்றத்துக் கல்லில் அடித்து உடைத்தால்தான் இனிகோவுக்குத் துக்கமணி அடிக்கும் என்று தெரு முடிவு கட்டியிருந்தது.

அல்போன்சா தட்டோடு வந்துவிட்டாள். காகித உறையோடு அதை மார்பில் அணைத்துப் பிடித்திருந்தாள்.

உடைப்பாள் என்று யாருக்கும் நம்பிக்கையில்லை. ஒரு வருஷமாக அந்தத் தட்டுக்காகத் தெருவோடு மல்லுக்கு நின்றவள்.

நடந்தது இவ்வளவுதான். போன வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை அவள் கிராமபோன் பெட்டியில் ஒரு சினிமாப் பாட்டை வைத்தாள். கொழும்புக்குத் தோணியேறும்போது புருஷன் இனிகோ சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"ஏளா, நெனப்பு வந்தா இந்தத் தட்டப் போடு. எனக்கு அங்கன கேக்கும்."

மற்ற நாளாக இருந்தால் ஒரு காக்காய்கூடத் திரும்பிப் பார்த்திருக்காது. அன்றைக்குக் கோயில் மணி அடிக்காது, உலக்கை இடிக்காது, கடலுக்கு ஒருவரும் போவதில்லை. ஆண்டவர் செத்துக் கிடக்கும் நேரத்தில் பசாசு அவிழ்த்துவிட்ட மாடு மாதிரித் திரியும் என்று அந்தக் கரையில் எல்லோருக்கும் பயம். அந்த அமைதியில் பாட்டு தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

மூன்றாம் நாள், உயிர்த்த ஞாயிறு காலையில், ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். அங்கே துறைமுகத்தில் வேலை பார்த்த இனிகோ திரும்பி வரவில்லை. சடலமும் கிடைக்கவில்லை.

குண்டு போட்டவனை விட்டுவிட்டார்கள். பாட்டுப் போட்டவளைப் பிடித்துக்கொண்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

தட்டில் இருப்பது மனுஷக் குரல் இல்லை, பசாசுதான் பாடிப் பாடி அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்றார்கள். அவள் கிணற்றில் வாளி இறக்கினால் மற்றவர்கள் தங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டார்கள். பாட்டுப் போட்டுத் தாலியறுத்தவள் என்று பெயரும் வைத்தாயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சங்கு குளிக்கப் போகையில் சுறாவின் வாயைக் கட்டச் சொல்லி மந்திரக்காரனுக்குத் தட்சிணை வைப்பவர்கள், அதே கையோடு கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியத்தையும் மாட்டிக்கொள்பவர்கள், அவளுக்கு வேதம் சொல்ல வந்தார்கள்.

முடியாது என்றாள். அவன் மிச்சமிருந்ததே அந்தப் பாட்டில்தான். கதவைச் சாத்திக்கொண்டு, வருஷம் முழுவதும் ஒருநாள் தவறாமல் அதைக் கேட்டாள். ஊசி தேய்ந்த பிறகும் கேட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் காயல்பட்டினத்து வியாபாரி மூஸா நெய்னா கொழும்புத் தோணியிலிருந்து இறங்கி, நேரே அவள் வாசலுக்கு வந்தார். இரண்டு வார்த்தை பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போனார். பாட்டுப்பெட்டியை விலைக்குக் கேட்டிருப்பார், அவள் கொடுத்திருக்க மாட்டாள் என்று தெரு தானாகவே பேசி முடித்தது.

இன்று வருஷம் திரும்பி ஆண்டுப் பூசை. உபதேசியார் இஞ்ஞாசி தீர்த்தச் செம்போடு கல்லருகில் நின்றார். இனிகோவின் தம்பி ரோச் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"மைனி, உடைச்சிருங்க. அண்ணன் ஆத்துமாவுக்காவச் சொல்லுதேன். பெறவு தெருவுல யாரும் ஒரு சொல்லு சொல்ல மாட்டாவ."

உபதேசியார் தீர்த்தம் தெளிக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. உறையிலிருந்து தட்டை உருவினாள். ஓங்கிக் கல்லில் அடித்தாள்.

மூன்று துண்டாகப் போனது. அவளுக்கு அது போதவில்லை. ஒவ்வொரு துண்டாக எடுத்து மறுபடி அடித்தாள். கைக்கு அகப்படாத சில்லுகளைக் குதிகாலால் மிதித்து நசுக்கினாள். கல்லில் ரத்தம் பட்டது.

பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்வாங்கினார்கள். பசாசு இறங்குகிறது என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அல்போன்சா நிமிர்ந்து பார்த்த பார்வையில் சொன்னவள் வாய் மூடிக்கொண்டது.

உபதேசியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு வருஷப் பிடிவாதம் ஒரே ராத்திரியில் கரைந்தது ஆண்டவர் செய்த அற்புதம் என்று அவருக்குப் பட்டது.

ரோச் கையை நீட்டினான். உறையையும் கொடுத்தால் எரித்துவிடுவதாகச் சொன்னான்.

"பசாசு தட்டுல இல்ல, ரோச். எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு. இத நான் பாத்துக்கிடுதேன். நீ மணியடிக்கச் சொல்லு."

மணி அடித்தது. விட்டுவிட்டு, ஒவ்வொன்றாக அடித்தது. கடலுக்குக் கிளம்பியவர்கள் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கோயிலுக்குள், சடலம் இல்லாதவனுக்கு வைக்கும் வழக்கப்படி, கறுப்புத் துணி போர்த்திய வெறும் சவப்பெட்டி. சுற்றிலும் மெழுகுவர்த்திகள். அல்போன்சா அதன் தலைமாட்டில் போய் நின்றாள். உறை அவள் கையிலேயே இருந்தது.

உறைக்குள் மூஸா நெய்னா கொண்டுவந்த கடிதம் இருந்தது. போன மாதத்துத் தேதி. இனிகோவின் கையெழுத்து.

'நான் சாகவில்லை. யாரிடமும் சொல்லாதே, என்னைத் தேடவும் வேண்டாம். இங்கே எனக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது. அந்தப் பாட்டுத் தட்டை மட்டும் இவரிடம் கொடுத்தனுப்பு. நான் அந்தப் பாட்டைப் பாடக் கேட்டு, தட்டிலும் கேட்க இங்கே இவள் ஆசைப்படுகிறாள்.'

பூசை முடிந்து பெட்டியைச் சுற்றித் தீர்த்தம் தெளித்தார்கள். இனிகோவின் ஆத்துமாவுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டு உபதேசியார் செபத்தைத் தொடங்கினார்.

அந்த வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, கோயிலில் இருந்த அத்தனை பேரையும்விட உரக்க, அல்போன்சா "ஆமென்" என்றாள்.