பூச்செண்டு பிடிக்கும் தோழி

"ஸ்கூல்லேருந்தே இவதான் என் உயிர்த்தோழி, அத்தை" என்றாள் மணப்பெண் சேவொன். தாசோம் அவளுடைய வெள்ளைக் கவுனின் மடிப்பை உரிமையோடு நீவிவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

"ஸ்கூல்ல என் மருமக எப்படிம்மா?"

"பெரிய இன்ஸா, அம்மா!"

"அப்படின்னா?"

"எல்லாரும் இவளைத்தான் சுத்திச்சுத்தி வருவாங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு இவ பக்கத்துல இடம் பிடிக்கவே அடிதடி."

"ஒட்டாம தனியா நிக்கிற பொண்ணுங்களும் இருந்திருப்பாங்களே?"

"அவங்க அஸ்ஸா. அதுங்க மூஞ்சியெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு!"

சேவொன் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டாள்.

அந்தம்மா நகர்ந்ததும் தாசோமின் சிரிப்பு அணைந்தது. கல்யாணங்களில் தோழியாக வந்து நிற்பதுதான் அவளுக்கு வேலை. மணப்பெண் எழுதி அனுப்பிய மூன்று பக்கங்களை மெட்ரோ ரயிலில் உருப்போட்டிருந்தாள். எந்த ஸ்கூல் என்று அதில் இல்லை, அவளும் கேட்கவில்லை. ஒருகாலத்தில் வகுப்பையே விரல் நுனியில் ஆட்டிவைத்தவள்தான். இப்போது எதுவும் உறைப்பதில்லை.

மாப்பிள்ளை பக்கம் நாற்பது நண்பர்கள். பெண் பக்கம் ஏழு தோழிகள், ஏழு பேரும் வாடகை. குட்டு உடைந்தால் சேவொன் புகுந்த வீட்டில் தலைநிமிர முடியாது, தாசோமுக்கும் வேலை போய்விடும்.

"எங்க நம்ம கல்யாணப் பொண்ணு மால்சுன்?" என்று கத்திக்கொண்டே வந்தார் ஊரிலிருந்து வந்த சேவொனின் பெரியப்பா.

"அவ பேரை மாத்தி ரெண்டு வருஷமாச்சு! சபையில மானத்தை வாங்காதீங்க!" என்று சேவொனின் அம்மா அவரை ஓரமாக இழுத்துப் போனாள். தாசோம் காதில் அது ஏறவில்லை. அடுத்து பூச்செண்டைப் பிடிக்க வேண்டும்.

"பொண்ணோட தோழிங்க எல்லாம் வாங்க!" என்றார் போட்டோகிராபர். ஏழு பேரும் வந்து நின்றார்கள். செண்டு பறந்து வந்தது. தாசோம் தாவிப் பிடித்தாள். மண்டபமே கைதட்டியது.

"ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கங்க!"

கட்டிக்கொண்டார்கள். "ஒண்ணும் சொதப்பலையே, மேடம்?" என்று தாசோம் காதோடு கேட்டாள்.

"நீ சொதப்ப மாட்டேன்னு தெரியும்."

"அப்போ ஏஜென்சியில நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க."

சேவொன் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பிடியை இறுக்கினாள்.

"முப்பது பேரோட போட்டோ காட்டினாங்க, தாசோம். 'மால்சுன்கூட எவளும் உக்காந்து சாப்பிடக் கூடாது'ன்னு எங்க கிளாஸ்ல சட்டம் போட்டவதான் வேணும்னேன்."